காதுக்கு மட்டும் தெரியும் வெட்டவெளி

1980 செப்டம்பரில் நார்வேயின் தலைநகர் ஓஸ்லோவில், டேலண்ட் ஸ்டூடியோ என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் மூன்று பேர் சேர்ந்து ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தார்கள். கிடார் வாசித்தவர் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக்காரர் பேட் மெத்தினி. பியானோ, சிந்தசைசர், ஆர்கன் எல்லாம் வாசித்தவர் விஸ்கான்சின் மாநிலத்துக்காரர் லைல் மேஸ். தட்டின் அட்டையில் இந்த இருவரின் பெயரும்தான் முன்னால் இருக்கும். தாளத்துக்கும் குரலுக்கும் பிரேசிலின் ரெசிஃபே நகரத்திலிருந்து வந்த நானா வாஸ்கொன்சேலோஸ் துணைக்கு இருந்தார். ஈசிஎம் என்ற ஜெர்மன் நிறுவனம் 1981இல் அதை வெளியிட்டது. பெயர் கொஞ்சம் நீளம்: 'ஆஸ் ஃபால்ஸ் விச்சிட்டா, ஸோ ஃபால்ஸ் விச்சிட்டா ஃபால்ஸ்'. விச்சிட்டா என்பது கான்சஸ் மாநிலத்து நகரம், விச்சிட்டா ஃபால்ஸ் டெக்சாஸ் மாநிலத்து நகரம். இரண்டும் அமெரிக்காவின் நடுப்பகுதியில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை தட்டையாகக் கிடக்கும் சமவெளியில் இருக்கின்றன. மெத்தினியும் மேஸும் முதன்முதலில் சந்தித்துக்கொண்டதே 1970களின் நடுவில் விச்சிட்டாவில் நடந்த ஒரு ஜாஸ் விழாவில்தான்.

தட்டின் முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, 20 நிமிடத்துக்கும் மேல். முதலில் எங்கோ தூரத்தில் கூட்டம் முணுமுணுப்பது கேட்கும். பிறகு அவசரமே இல்லாமல் தாளம் வரும், கீழே பேஸ் நடக்கும், அதன்மேல் மேஸின் சிந்தசைசர் மெல்லப் பரவும். நடுவில் ஒரு குரல் எண்களைச் சொல்லிக்கொண்டே போகும். கேட்டுக்கொண்டிருக்கும்போது நான்கு சுவருக்குள் இருக்கிறோம் என்ற நினைப்பே போய்விடும். பெரிய வெட்டவெளியின் நடுவில் நிற்கிற மாதிரி இருக்கும். ஜாஸ் இசையில் எனக்கு மிகவும் பிடித்த 20 நிமிடங்களில் இதுவும் ஒன்று.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. வாசித்தவர்கள் மூன்று பேர், வாசித்தது மூடிய அறைக்குள். வெட்டவெளி எங்கிருந்து வந்தது?

மூன்று பேர் எப்படி முப்பது பேர் மாதிரி கேட்கிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒலிப்பதிவு நாடாவில் பல தடங்கள் உண்டு. மேஸ் ஒரு தடத்தில் பியானோவைப் பதிவு செய்வார். பிறகு அதை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே இன்னொரு தடத்தில் ஆர்கன், அதன்மேல் சிந்தசைசர் என்று அடுக்கிக்கொண்டே போவார். மெத்தினியும் அப்படித்தான். கிடார் வாசித்த கையாலேயே இந்தத் தட்டில் பேஸும் வாசித்திருக்கிறார்.

ஆனால் ஆட்களைப் பெருக்கினால் இடம் பெருகிவிடாது. முப்பது பேரைக் குளியலறைக்குள் பாடவைத்தாலும் அது குளியலறையாகத்தான் கேட்கும். இடம் என்ற உணர்வு வேறெங்கிருந்தோ வருகிறது. அது நேரத்திலிருந்து வருகிறது. ஒரு விநாடியை ஆயிரமாகப் பங்கிட்டால் கிடைக்கும் சின்னத் துண்டுக்கு மில்லிவிநாடி என்று பெயர். ஓர் ஒலியும் அதன் நகல்களும் எத்தனை மில்லிவிநாடி இடைவெளியில் வருகின்றன என்பதை வைத்துத்தான் நம் மூளை 'இது சின்ன அறை', 'இது பெரிய மண்டபம்' என்று முடிவு செய்கிறது.

உங்கள் அறிவியல் பாடப்புத்தகத்தில் எதிரொலியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். ஒரு சத்தமும் அதன் எதிரொலியும் தனித்தனியாகக் கேட்க வேண்டுமானால் சுமார் பத்தில் ஒரு விநாடி இடைவெளி வேண்டும், ஆகவே சுவர் 17 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். புத்தகம் அதோடு நிறுத்திவிடும். எனக்கோ சுவாரசியமெல்லாம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. சுவர் 17 மீட்டரைவிடப் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும்? ஒலி திரும்பி வராமல் போய்விடுமா என்ன? வரத்தான் செய்யும். இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கும் அறையில் நீங்கள் ஒரு வார்த்தை பேசினாலும், நான்கு சுவரும் தரையும் கூரையும் அதைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. மூளை அவற்றைத் தனிச் சத்தமாக எண்ணுவதில்லை, முதலில் வந்த ஒலியோடு ஒட்டிவிடுகிறது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்முட் ஹாஸ் 1949இல் இதை அளந்து காட்டினார். பேச்சு ஒலியின் நகல் 30, 40 மில்லிவிநாடிக்குள் வந்துவிட்டால், கேட்பவருக்கு அது இரண்டாவது சத்தமாகத் தெரியாது. முதல் ஒலி எந்தத் திசையிலிருந்து வந்ததோ, மொத்தமும் அங்கிருந்தே வருவதாகத் தோன்றும். நகல் வீணாகிவிடுவதும் இல்லை. ஒலிக்கு அகலத்தையும் பருமனையும் கொடுத்துவிட்டுப் போகிறது.

இந்த இடத்தில் மெத்தினியின் கிடாருக்கு வருவோம். 1970களின் இறுதியில் லெக்சிகன் என்ற அமெரிக்க நிறுவனம் 'பிரைம் டைம்' என்றொரு பெட்டியை விற்றது. டிஜிட்டல் டிலே என்று அதற்குப் பெயர். ஒலியை உள்ளே கொடுத்தால் கொஞ்சம் தாமதித்து வெளியே விடும், அவ்வளவுதான் அதன் வேலை. உள்ளே வந்த ஒலியலையின் உயரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக நினைவகத்தில் நிறுத்தும். ரேஷன் கடை வரிசை மாதிரி அந்த எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து, முன்னால் போய்ச் சேர்ந்ததும் மறுபடி ஒலியாக வெளியே வரும். வரிசை நீளமென்றால் தாமதம் அதிகம், குட்டையென்றால் குறைவு.

மெத்தினி தன் கிடாரின் ஒலியை மூன்றாகப் பிரித்தார். நடுவில் இருந்த ஆம்ப்ளிஃபையருக்கு மூல ஒலி அப்படியே போனது. இடப்பக்க ஆம்ப்ளிஃபையருக்கு 14 மில்லிவிநாடி தாமதித்த நகல். வலப்பக்கத்துக்கு 26 மில்லிவிநாடி தாமதித்த நகல். கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 மில்லிவிநாடியில் ஒலி 4.8 மீட்டர் போகும், 26 மில்லிவிநாடியில் 8.9 மீட்டர். ஒரு பக்கம் சற்று அருகிலும் மறுபக்கம் சற்று தள்ளியும் இரண்டு சுவர்கள் நின்று அவருடைய கிடாரைத் திருப்பி அனுப்பினால் எப்படி இருக்குமோ, அப்படி. அந்தச் சுவர்கள் எங்குமே இல்லை, அந்தப் பெட்டிக்குள் எண்களாகத்தான் இருந்தன. இரண்டு நகலுமே ஹாஸ் சொன்ன எல்லைக்குள் வருவதால் மூன்று கிடார் கேட்பதில்லை. ஒரே கிடார்தான் கேட்கும், ஆனால் மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அகன்று கேட்கும்.

இன்னொரு நுட்பமும் செய்தார். தாமதத்தை 14, 26 என்று ஆணி அடித்த மாதிரி நிறுத்தாமல், மெதுவாகக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் ஆடவிட்டார். தாமதம் கூடிக்கொண்டே போகிறது என்றால் அந்த இல்லாத சுவர் பின்னால் நகர்கிறது என்று பொருள். ரயில் ஹாரன் அடித்துக்கொண்டே நம்மைக் கடந்து விலகும்போது அதன் சுருதி இறங்குவதைக் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? டாப்ளர் விளைவு. அதே காரணத்தால் இங்கேயும் நகலின் சுருதி ஒரு மயிரிழை இறங்குகிறது. தாமதம் குறையும்போது ஒரு மயிரிழை ஏறுகிறது. சற்றே சுருதி விலகிய நகலும் மூல ஒலியும் கலந்தால் விம்மல் பிறக்கும். 440 ஹெர்ட்ஸும் 442 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலித்தால் விநாடிக்கு இரண்டு முறை சத்தம் ஏறி இறங்கும் என்று இயற்பியலில் படிப்போமே, அந்த விம்மல்தான். மெத்தினியின் ஒலிக்குள் ஒரு மெல்லிய அசைவு எப்போதும் இருப்பது இதனால்தான்.

இந்த அசைவை எந்த மின்பெட்டியும் இல்லாமலே தரும் கிடாரும் உண்டு. இந்தத் தட்டில் அவர் 12 தந்திக் கிடாரும் வாசிக்கிறார். ஆறு தந்திகளுக்குப் பதில் ஆறு ஜோடிகள். சுருதியில் மேலிருக்கும் இரண்டு மெல்லிய ஜோடிகளில் இரு தந்திகளும் ஒரே சுருதி. மற்ற நான்கு ஜோடிகளில் ஒன்றுக்கு மற்றொன்று ஒரு ஸ்தாயி மேலே. இரண்டு தந்தியை எவ்வளவு கவனமாகச் சுருதி சேர்த்தாலும் ஒரு துளி வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அந்தத் துளி வித்தியாசம்தான் 12 தந்திக் கிடாரின் மினுமினுப்பு.

இரண்டு காதுகளின் வேலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். உங்கள் இடப்பக்கமிருந்து வரும் ஒலி இடது காதை முதலில் தொடும், தலையைச் சுற்றி வலது காதுக்குப் போகக் கொஞ்சம் நேரமாகும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் ஒரு மில்லிவிநாடியில் மூன்றில் இரண்டு பங்கு. இதைவிட எத்தனையோ மடங்கு சின்ன வித்தியாசத்தையும் மூளை கண்டுபிடித்துவிடுகிறது. ஒரு விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூட நல்ல காது உணரும் என்று பரிசோதனைகள் காட்டுகின்றன. கண் சிமிட்டுவதற்குப் பத்தில் ஒரு விநாடிக்கும் மேல் ஆகிறது. நம் உடம்பிலேயே நேரத்தை இவ்வளவு துல்லியமாக அளக்கும் உறுப்பு வேறில்லை. அதை நாம் பாட்டுக் கேட்க மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்கிறோம்!

இதுவரை சொன்னது ஒன்றிரண்டு நகல்களின் கதை. உண்மையான மண்டபத்தில் ஒலி சுவருக்குச் சுவர் மோதி, நகலுக்கு நகல் பிறந்து, ஆயிரக்கணக்கில் பெருகி, ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் வலுவிழந்து, கடைசியில் தேய்ந்து மறையும். இதற்கு எதிர்முழக்கம் என்று பெயர். இதை முதன்முதலில் முறையாக அளந்த மனிதரின் கதையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் அருங்காட்சியகம் என்ற புதிய கட்டடம் திறக்கப்பட்டது. அதிலிருந்த சொற்பொழிவு அறையில் யார் பேசினாலும் ஒன்றும் புரியவில்லை. ஒரு சொல்லின் முழக்கம் ஐந்தரை விநாடி அடங்காமல் நின்றது, அதற்குள் பேசுபவர் பத்துப் பதினைந்து சொற்களைத் தாண்டிவிடுவார். இதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற 27 வயது இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. பக்கத்தில் சாண்டர்ஸ் தியேட்டர் என்ற அரங்கம் இருந்தது, அதன் இருக்கைகளில் நல்ல தடித்த மெத்தைகள். ஊர் அடங்கிய பிறகு, நள்ளிரவில், சபைனும் உதவியாளர்களும் அந்த மெத்தைகளைச் சுமந்துகொண்டு வந்து ஃபாக் அறையில் பரப்புவார்கள். ஓர் ஆர்கன் குழலை ஊதவிட்டு நிறுத்துவார்கள். குழல் நின்ற கணத்திலிருந்து சத்தம் காதுக்கு எட்டாமல் போகும்வரை எவ்வளவு நேரம் என்று சபைன் கடிகாரத்தில் அளப்பார். பிறகு இன்னும் சில மெத்தைகள், மறுபடி அளவு. விடிவதற்குள் மெத்தைகளை எல்லாம் அரங்கத்தில் திருப்பிப் போட்டுவிட வேண்டும், அங்கே காலையில் ஆட்கள் வருவார்கள்! மெத்தை கூடக் கூட முழக்கம் குறைந்துகொண்டே வந்தது. எல்லா மெத்தைகளையும் கொண்டுவந்தபோது ஐந்தரை விநாடி ஏறக்குறைய ஒரு விநாடியாகச் சுருங்கியது.

சபைன் எவ்வளவு கவனமானவர் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அளவுகளில் ஒரு சின்னத் தடுமாற்றம் இருப்பதைக் கவனித்துத் தேடிப் பார்த்தபோது, காரணம் அவர் போட்டிருந்த துணி என்று தெரிந்தது. கோட்டும் சட்டையும்கூட ஒலியை உறிஞ்சிக்கொள்கின்றன. அதுவரை எடுத்த ஆயிரக்கணக்கான அளவுகளை ஒதுக்கித் தள்ளிவிட்டு, அதன்பின் சோதனைக்கு எப்போதும் ஒரே உடையையே போட்டுக்கொண்டு போனார்.

அவர் கண்டுபிடித்த விதி எளியது. அறையின் கனஅளவு பெரிதானால் முழக்கம் நீளும். ஒலியை உறிஞ்சும் பொருள் கூடினால் முழக்கம் குறுகும். உறிஞ்சுவதை அளக்க அவர் எடுத்துக்கொண்ட அலகு இன்னும் அழகு: திறந்த ஜன்னல். திறந்த ஜன்னல் வழியாகப் போகும் ஒலி திரும்பி வராது அல்லவா? ஆகவே ஒரு கம்பளமோ மெத்தையோ எவ்வளவு பெரிய திறந்த ஜன்னலுக்குச் சமம் என்று கணக்கிட்டார். அந்த விதியை வைத்துக் கட்டப்பட்டதுதான் 1900இல் திறந்த பாஸ்டன் சிம்ஃபனி ஹால். இன்றும் உலகத்தின் மிகச் சிறந்த இசை அரங்குகளில் அதுவும் ஒன்று.

சபைனின் விதி தெரிந்துவிட்டால் அறையை ஏமாற்றவும் வழி பிறக்கிறது. ஈஎம்டி என்ற ஜெர்மன் நிறுவனம் 1957இல் ஒரு கருவி செய்தது. இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் உயரம், அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள எஃகுத் தகட்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஒரு பக்கம் பாட்டின் ஒலியால் தகட்டை அதிரவைத்தார்கள். தகட்டுக்குள் அதிர்வு ஓரத்துக்கு ஓரம் மோதித் திரும்புவதை வேறொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். கேட்டால் ஒரு பெரிய மண்டபம்! 1970களின் பின்பாதியில் தகட்டின் வேலையைக் கணிப்பொறிச் சில்லுகள் எடுத்துக்கொண்டன.

நம் இசைத்தட்டின் முழக்கத்துக்கு வருவோம். ஈசிஎம் நிறுவனத்தை 1969இல் மியூனிக்கில் தொடங்கியவர் மான்ஃப்ரெட் ஐகர். ஓஸ்லோவில் அவருக்காக ஒலிப்பதிவு செய்தவர் யான் எரிக் காங்ஷௌக். இந்தத் தட்டிலும் அவர்கள்தான். மற்ற ஜாஸ் தட்டுகளில் இசைக் கலைஞர்கள் நம் முகத்துக்கு நேரே வாசிக்கிற மாதிரி இருந்த காலத்தில், இவர்கள் ஒவ்வொரு கருவிக்கும் சுற்றிலும் இடம் விட்டார்கள். நீண்ட முழக்கத்தை அள்ளிக் கொட்டினால் மட்டும் இது வந்துவிடாது, எல்லாம் சேறாகக் குழம்பிப்போகும். மூல ஒலி தெளிவாக முன்னால் வர வேண்டும், ஒரு சின்ன இடைவெளி விழ வேண்டும், அதன்பிறகே முழக்கம் கிளம்ப வேண்டும். அந்த இடைவெளியைக் கேட்ட மூளை 'முதல் சுவரே வெகுதூரத்தில் இருக்கிறது' என்று நம்பிவிடுகிறது. வாசிப்பவர்களும் விட்டுக்கொடுக்க வேண்டும். மேஸ் ஒரு சுரத்தை வாசித்துவிட்டு அது தேய்ந்து முடியும்வரை காத்திருப்பார். அந்தப் பொறுமை இல்லாவிட்டால் எந்தக் கருவியும் உதவாது.

மேஸின் சிந்தசைசருக்கு வருகிறேன். அந்த ஆண்டுகளில் அவர் ஓபர்ஹைம், ப்ராஃபெட்-5 போன்ற சிந்தசைசர்களை வாசித்தார். இவற்றில் தந்தியும் கிடையாது, தோலும் கிடையாது. மின்சுற்று ஒன்று ரம்பப் பல் வடிவில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும். 110 ஹெர்ட்ஸில் ஏற்றி இறக்கினால் அதோடு 220, 330, 440 என்று மேற்சுரங்களும் சேர்ந்து பிறக்கும். அப்படியே கேட்டால் கரகரவென்று காதைக் குத்தும். வடிகட்டிச் சுற்று ஒன்று மேலே இருக்கும் சுரங்களைத் தேவைக்கேற்ப வெட்டிவிடும். குமிழைத் திருப்பத் திருப்ப ஒலி மங்கும், அல்லது விடியும். தூரத்தில் இடிக்கும் இடி ஏன் மந்தமாக உருளுகிறது? உயர்ந்த அதிர்வெண்களைக் காற்று வழியிலேயே அதிகம் விழுங்கிவிடுவதும் ஒரு காரணம். ஆகவே வடிகட்டியால் மங்கவைத்த ஒலியை மூளை தூரத்து ஒலியாக எடுத்துக்கொள்கிறது.

ஒலி எப்படித் தொடங்குகிறது என்பதும் முக்கியம். ஃபிரான்சில் வானொலியில் வேலை பார்த்த பியேர் ஷேஃபர் 1948இல் ஒரு மணியோசையைப் பதிவு செய்து, மணியின் நாக்கு அடிக்கும் முதல் கணத்தை மட்டும் நீக்கிவிட்டு மிச்சத்தைக் கேட்டார். மணியென்று அடையாளமே தெரியவில்லை, ஏதோ ஊதுகருவி மாதிரி கேட்டது. நாம் ஒரு கருவியை அடையாளம் காண்பதில் பாதி வேலை அந்த முதல் சில மில்லிவிநாடிகளில் முடிந்துவிடுகிறது. சிந்தசைசரில் தொடக்கத்தை நாமே தீர்மானிக்கலாம். விசையை அழுத்தியதும் ஒலி வெடித்துக் கிளம்பலாம், அல்லது மூன்று விநாடி எடுத்துக்கொண்டு மெல்ல எழலாம். மேஸ் மெல்ல எழவைத்த இடங்களில் ஒலி எப்போது வந்தது என்றே தெரியாது. எப்போது வந்தது என்று தெரியாததால் எங்கிருந்து வந்தது என்றும் மூளையால் குறிவைக்க முடியாது. எல்லாத் திசையிலும் பரவிய மாதிரி தோன்றும்.

மூன்றாமவர் வாஸ்கொன்சேலோஸ் கொண்டுவந்த கருவியில் மின்சாரமே கிடையாது. பெரிம்பாவ். ஆப்பிரிக்க மக்களோடு பிரேசிலுக்குப் போன வில் கருவி. ஆளுயரத்துக்கு வளைத்த கம்பு, அதில் இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பி. இந்தக் கம்பியைப் பழைய கார் டயரிலிருந்து உருவி எடுப்பது பிரேசிலில் வழக்கம். கம்பின் கீழ்ப்பகுதியில் வாய் திறந்த சுரைக்குடுக்கை கட்டியிருக்கும். வாசிப்பவர் இடது கையின் சுண்டுவிரலில் வில்லின் மொத்தக் கனத்தையும் தாங்கிக்கொண்டு, அதே கையில் ஒரு நாணயத்தையோ கூழாங்கல்லையோ பிடித்திருப்பார். அதைக் கம்பியில் அழுத்தினால் சுருதி ஏறும், எடுத்தால் இறங்கும். வலது கையில் மெல்லிய குச்சி, கூடவே விதைகள் போட்ட சின்னப் பிரம்புக் கூடை. ஒவ்வோர் அடிக்கும் கூடையும் சலசலக்கும். இவ்வளவும் நடக்கும்போது குடுக்கையின் வாயை வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் பிடிப்பார். குடுக்கைக்குள் இருக்கும் காற்றுக்கென்று ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. வாய் திறந்திருந்தால் அது உயரும், வயிறு மூடினால் தாழும். ஆகவே ஒரே கம்பி, ஒரே அடி, ஆனால் 'வா... வா...' என்று பேசுகிற மாதிரி ஒலி நிறம் மாறும். சிந்தசைசரின் வடிகட்டிக் குமிழை மேஸ் விரலால் திருப்பினார், வாஸ்கொன்சேலோஸ் வயிற்றால் திருப்பினார். மேற்சுரங்களில் எதை வளர்ப்பது, எதை அடக்குவது என்ற அதே வேலைதான்.

தட்டின் இரண்டாவது பக்கத்தில் 'செப்டம்பர் ஃபிஃப்டீன்த்' என்றொரு பாட்டு இருக்கிறது. தட்டைப் பதிவு செய்த அதே 1980 செப்டம்பரில், 15ஆம் தேதி, நியூயார்க்கில் பில் எவன்ஸ் என்ற மாபெரும் ஜாஸ் பியானோ கலைஞர் இறந்துபோனார். மெத்தினிக்கும் மேஸுக்கும் அவர் ஆசான் மாதிரி. அவருக்காக அந்தத் தேதியையே பெயராக வைத்தார்கள். பெரும்பாலும் கிடாரும் பியானோவும் மட்டும் பேசிக்கொள்ளும் பாட்டு. இதில் பியானோவின் மிதிகட்டையைக் கவனியுங்கள். சாதாரணமாக விசையிலிருந்து விரலை எடுத்ததும் ஒரு கம்பளித் துண்டு தந்தியின்மேல் விழுந்து அதை அடக்கிவிடும். வலது மிதிகட்டையை மிதித்தால் எல்லாக் கம்பளித் துண்டுகளும் ஒன்றாக எழும்பும். பியானோவில் இருக்கும் 230 சொச்சம் தந்திகளும் விடுதலையாகிவிடும். ஒரு தந்தியை அடித்தால், அதன் மேற்சுரங்களோடு ஒத்துப்போகும் மற்ற தந்திகள் யாரும் தொடாமலே ஒத்ததிர்வில் பாட ஆரம்பிக்கும். பள்ளியில் பியானோ இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். ஒரு விசையைச் சத்தம் வராமல் மெதுவாக அழுத்தி அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள அதே சுரத்தைப் பலமாகத் தட்டிவிட்டு உடனே விரலை எடுங்கள். தட்டிய தந்தி அடங்கிவிடும், தட்டாத தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும். பியானோவின் வயிற்றுக்குள்ளேயே ஒரு மண்டபம் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

பாட்டைத் தேடிக் கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹெட்ஃபோனில் ஒலியளவைப் பாதிக்கு மேல் ஏற்ற வேண்டாம், காதின் உள்ளே இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒருமுறை போனால் திரும்ப முளைப்பதில்லை. மின்கிடார் தனித்துத் தெரியும் இடம் வந்தால் ஒரு பக்கக் காதிலிருந்து ஹெட்ஃபோனை எடுத்துப் பாருங்கள், பிறகு மறுபக்கம். இரண்டும் வேறு வேறாக இருக்கும். இரண்டையும் சேர்த்தால் கிடார் தலைக்கு வெளியே விரியும்.

மெத்தினியின் 14 மில்லிவிநாடி எவ்வளவு நேரம் என்பதை நீங்களே கையால் தொட்டுப் பார்க்கலாம். வெறும் சுவர் ஒன்று வேண்டும், எதிரே நீண்ட திறந்த இடம் வேண்டும். பள்ளி மைதானத்தின் ஓரக் கட்டடம் போதும். ஒரு கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு நண்பரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சுவரிலிருந்து இரண்டு மீட்டரில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். பிறகு நான்கு மீட்டர், ஆறு மீட்டர் என்று பின்னால் போய்க்கொண்டே தட்டுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு தட்டல் கேட்டதா, இரண்டா என்று எழுதி வையுங்கள். அடுத்து, கைத்தட்டலுக்குப் பதில் உங்கள் பெயரைச் சத்தமாகச் சொல்லி அதே தூரங்களில் மறுபடி செய்யுங்கள். கைத்தட்டல் பக்கத்திலேயே இரண்டாகப் பிரிந்துவிடும், பெயர் பிரிய வெகுதூரம் பின்னால் போக வேண்டியிருக்கும். சுருக்கென்று முடியும் ஒலியில் நகல் ஒளிந்துகொள்ள இடமில்லை, நீண்ட ஒலியில் உண்டு.

வீட்டுக்கு வந்து அந்தப் பதிவை ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் திறந்து, கைத்தட்டல் அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதல் கூர்முனைக்குப் பின்னால் சின்னதாக இன்னொரு கூர்முனை நிற்கும், அதுதான் சுவரிலிருந்து வந்த நகல். இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரத்தை அளந்து, ஒலியின் வேகத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் சுவரின் தூரம் வந்துவிடும். வெயில் நாளில், 30 டிகிரி செல்சியஸில், ஒலி விநாடிக்கு 349 மீட்டர் போகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டரில் நின்றபோது இடைவெளி 11, 12 மில்லிவிநாடி இருக்க வேண்டும். மெத்தினியின் 14 வேண்டுமென்றால் சுவரிலிருந்து எத்தனை மீட்டரில் நிற்க வேண்டும், 26 வேண்டுமென்றால் எத்தனை மீட்டர் என்று கணக்குப் போட்டு, அந்த இரண்டு இடங்களிலும் நின்று தட்டிப் பதிவு செய்து சரிபாருங்கள்.